வியட்நாமை ஆண்ட பாண்டியன் என்கிறார் பெரியப்பா. கல் என்ன சொல்கிறது?

பொருநைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நேற்று இரவு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா ஒரு படம் அனுப்பினார். பெரிய கருங்கல், அதில் தேய்ந்த எழுத்துகள், அடியில் சிவப்பு மையில் ‘வியட்நாமை ஆண்ட பாண்டியன் திருமாறன்: மறைக்கப்பட்ட வரலாறு’. விடிவதற்குள் அத்தை, சித்தப்பா, அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் என எல்லோரும் கைகூப்பி முடித்துவிட்டார்கள். “யார் மறைத்தார்கள் பெரியப்பா?” என்று கேட்டேன். “உன்னைப் போல் கேள்வி கேட்பவர்கள்தான்” என்று பதில் வந்தது.

இங்கே கல்வெட்டு வாசிப்பவர்கள் இருக்கிறீர்கள். அந்தக் கல் உண்மையா? வியட்நாமில் சிவன் கோயில்கள் இருப்பது தெரியும். ஆனால் அவை எப்படி அங்கே எழுந்தன? பெரியப்பாவுக்கு வயது எழுபத்து நான்கு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சும்மா ‘தவறு’ என்று எழுதினால் விடமாட்டார்.

ஓலைக்கட்டு

கல் உண்மை. அதில் உள்ள பெயரும் ஏறக்குறைய உண்மை. மற்றதெல்லாம் ஒட்டுப்போட்டது.

நா ட்ராங் ஊருக்குப் பக்கத்தில் வோ காஞ் என்ற சிற்றூரில் கிடைத்த கல் அது. இப்போது ஹனோயில் உள்ள வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மொழி சமஸ்கிருதம். எழுத்து, தென்னிந்தியாவில் வழங்கிய பிராமியின் வழி வந்தது. காலத்தில் இழுபறி உண்டு. 2-ஆம் நூற்றாண்டு என்பவர் முதல் 4-ஆம் நூற்றாண்டு என்பவர் வரை இருக்கிறார்கள். எப்படியும் தென்கிழக்காசியாவின் மிகப் பழைய சமஸ்கிருதக் கல்வெட்டுகளில் ஒன்று.

பல வரிகள் தேய்ந்துவிட்டன. மிஞ்சியதில் ஸ்ரீமாரன் என்ற அரசனின் குலத்தில் வந்த ஒருவன் பேசுகிறான். இவ்வுலகத்தின் வரவையும் போக்கையும் நினைத்து, தன் வெள்ளி, பொன், அசையும் பொருள், அசையாப் பொருள் எல்லாவற்றையும் வேண்டியவர்களுக்கு உரித்தாக்குகிறான். அவ்வளவுதான். பாண்டிய நாடு இல்லை, மதுரை இல்லை, மீன் கொடி இல்லை, போர் இல்லை. அந்த ஸ்ரீமாரன், இன்றைய வியட்நாமின் நடு, தென் கடற்கரையில் சாம் மக்கள் ஆண்ட சம்பா நாட்டைச் சேர்ந்தவனா, தென்மேற்கே மீகாங் கழிமுகத்தில் இருந்த ஃபூனான் அரசுக்கு அடங்கியவனா என்பதிலேயே அறிஞர்கள் ஒன்றுபடவில்லை.

கூடல்நகரான்

ஓலைக்கட்டு ஐயா, எப்போதும் போல நம்முடையதைச் சிறியதாகக் காட்டுவதில் முந்திக்கொள்கிறீர்கள். ‘ஸ்ரீ’யைத் தமிழில் எழுதினால் ‘திரு’. மாறன் பாண்டியர் பட்டம். நன்மாறன், இளமாறன் எல்லாம் சங்கப் பாட்டிலேயே இருக்கிறார்கள். ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் என்றே ஒரு பாண்டியன் உண்டு. இது நான் கட்டிய கதையும் இல்லை. ழான் ஃபிலியோசா என்ற பிரெஞ்சு அறிஞர் சொன்னது. பிரெஞ்சுக்காரர் சொன்னால்கூட நம்ப மாட்டீர்களா?

இன்னொன்று. ராஜேந்திர சோழன் மெய்க்கீர்த்தியில் கடாரம் வென்ற பட்டியலில் ‘வளைப்பந்தூறு’ வருகிறது. அது சம்பாவின் பாண்டுரங்கம் என்று படித்திருக்கிறேன்.

ஓலைக்கட்டு

ஃபிலியோசா சொன்னார், மறுக்கவில்லை. ‘திருமாறன் என்பதன் வடமொழி வடிவமாக இருக்கலாம்’ என்பது அவர் வைத்த ஊகம். ‘இருக்கலாம்’ என்பது பொருநைக்கரையின் பெரியப்பா குழுவுக்கு வருவதற்குள் ‘ஆண்டான்’ ஆகிவிட்டது. நடுவில் எத்தனை கைகள் மாறியதோ! ஊகத்தை ஊகமாகவே வைத்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை. உண்மையில் எனக்கு அது பிடித்த ஊகமும்கூட.

ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் 9-ஆம் நூற்றாண்டுக்காரன். வோ காஞ் கல்லுக்கும் அவனுக்கும் குறைந்தது நானூறு ஆண்டு இடைவெளி. அவன் கொள்ளுத்தாத்தாவின் கொள்ளுத்தாத்தாகூட அப்போது பிறக்கவில்லை. வளைப்பந்தூறு – பாண்டுரங்கம் என்பது ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்துச் சிலர் சொன்னது. அதே ஊருக்கு வேறு இடம் காட்டுபவர்களும் உண்டு.

தமிழன் கடல் கடந்த தடயம்தான் வேண்டும் என்றால் எழுத்திலேயே இருக்கிறது. தாய்லாந்தின் தகுவாபாவில் 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு. அவனிநாரணம் என்ற குளம் வெட்டியதையும் மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவையும் பேசுகிறது. சுமத்ராவின் பாருசில் 1088-இல் ஐந்நூற்றுவர் என்ற இன்னொரு வணிகக் குழு பொறித்தது ஒன்று. சீனாவின் சுவான்சோவில் 1281-இல் ஒன்று. ஆனால் சம்பாவில் இதுவரை தமிழ்க் கல்வெட்டு ஒன்றும் கிடைக்கவில்லை. இருக்கும் இடத்தில் பெருமைப்படுங்கள், இல்லாத இடத்தில் ஏன் இழுக்கிறீர்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

கரணை

சண்டைக்கு நடுவில் ஒரு கொத்தனார் பேச்சு. நான் செட்டிநாட்டுப் பக்கம் பழைய வீடுகளைப் பழுது பார்க்கும் வேலையில் இருப்பவன். இரண்டு ஆண்டுகளுக்கு முன், சம்பா அரசர்களின் கோயில்கள் இருக்கும் மீ சோன் போனேன். தா நாங் நகரத்திலிருந்து ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். சுற்றிலும் மலை, நடுவில் ஒரு பள்ளத்தாக்கு, அதற்குள் செங்கல் கோபுரங்கள். ஒரு காலத்தில் எழுபதுக்கு மேல் இருந்தனவாம். இன்று நிமிர்ந்து நிற்பவை இருபது சொச்சம்.

கோபுரத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘கலன்’. நம் கோயில் போல உள்ளே போய்ச் சுற்றி வர இடமில்லை. குறுகலான ஒரே அறை, நடுவில் லிங்கம், அபிஷேகத் தண்ணீர் வெளியே போகக் கோமுகி. மேலே வளைவு கட்டவில்லை. ஒவ்வொரு வரிச் செங்கல்லையும் கீழ்வரியைவிடக் கொஞ்சம் உள்ளே நீட்டி நீட்டி அடுக்கி, உச்சியில் மூடியிருக்கிறார்கள். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் கிணற்றைக் கவிழ்த்துப் போட்டது போல இருக்கும்.

எனக்குத் தூக்கம் கெட்டது அதில் இல்லை, சாந்தில். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் சாந்தே தெரியவில்லை! விரல் நகத்தை வைத்துப் பார்த்தேன், இறங்கவில்லை. நாங்கள் சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்தாலும் கோடு தெரியாமல் கட்ட முடியாது. செங்கல்லோடு செங்கல்லைத் தேய்த்துப் பொருத்தி, ஒரு வகை மரத்துப் பிசினைக் கொண்டு ஒட்டியிருக்கலாம் என்கிறார்கள். அந்த மரத்தைப் ‘தாவ் ராய்’ என்கிறார்கள், படகின் ஓட்டை அடைப்பதற்கும் அந்தப் பிசின்தான். சுவர் எழுந்த பிறகுதான் சிற்பம் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு தேவதையின் இடுப்பில் நான்கு கற்களின் விளிம்பு ஓடுகிறது, ஆனால் வளைவு எங்கும் பிசகவில்லை.

பழைய கல் சிவப்பாக, உலர்ந்து இருக்கிறது. பிற்காலத்தில் பழுது பார்த்து வைத்த புதுக் கற்களில் சில இடங்களில் உப்புப் பூத்துப் பாசி பிடித்திருக்கிறது. வழிகாட்டிப் பையன் அதைத்தான் பெருமையோடு காட்டினான். பக்கத்திலேயே புல் மூடிய பெரிய குழிகள். 1969 ஆகஸ்டில் அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டு. இருந்ததிலேயே அழகான பெரிய கோபுரம் அதில்தான் போனது.

சொல்ல வந்தது இது: செங்கல்லில் கோயில் கட்டும் யோசனை இந்தியாவிலிருந்து போயிருக்கலாம். இந்தக் கைவேலை அங்கே பிறந்தது. நம் ஊரில் இப்படி ஒரு சுவரை நான் பார்த்ததில்லை.

கூடல்நகரான்

கரணை அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு அரை மணி நேரம் படங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் இந்தியத் தொல்லியல் துறைதானே அங்கே வேலை செய்தது? லிங்கம் கண்டெடுத்ததாகச் செய்தி வந்ததே.

கரணை

ஆமாம் தம்பி. 2017 முதல் சில ஆண்டுகள் மூன்று கோயில் தொகுதிகளில் நம் துறையினர் வேலை செய்தார்கள். 2020 மே மாதம் ஒரே மணற்கல்லில் செதுக்கிய 9-ஆம் நூற்றாண்டு லிங்கம் வெளிப்பட்டது. அவர்களுக்கு முன்பே போலந்துக்காரர்களும் இத்தாலிக்காரர்களும் செய்திருக்கிறார்கள். கசிமியேஷ் க்வியாட்கோவ்ஸ்கி என்ற போலந்துக் கட்டடக் கலைஞர் அந்தக் காட்டில் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர். உள்ளூரில் ‘காசிக்’ என்றால் இன்றும் தெரிகிறது.

பினாங்கு மேகலை

எல்லோரும் சமஸ்கிருதக் கல்லையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது வேறொரு கல்லில்.

மீ சோனுக்குப் பக்கத்தில் த்ரா கியூ என்று ஓர் ஊர். சம்பாவின் பழைய தலைநகரான சிம்மபுரம் அது. அங்கே தோங் யென் சாவ் என்ற இடத்தில் 4-ஆம் நூற்றாண்டு எழுத்தில் சின்னஞ்சிறு கல்வெட்டு ஒன்று கிடைத்தது. மொழி பழைய சாம். சாம், மலாய், ஜாவா மொழிகள் எல்லாம் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்திலேயே இதைவிடப் பழைய எழுத்துச் சான்று கிடையாது.

பொருள் இதுதான்: ‘சித்தம் (மங்கலம் உண்டாகட்டும்)! இது அரசனின் நாகம். இதை மதிப்பவனுக்குச் சொர்க்கத்திலிருந்து மணிகள் விழும். இதை இழித்துப் பேசுபவன் ஏழு தலைமுறையோடு ஆயிரம் ஆண்டு நரகத்தில் கிடப்பான்.’ ஒரு நீரூற்றைக் காக்கும் நாகம் என்கிறார்கள்.

நான் மலாய்ப் பள்ளியில் படித்தவள். மூலத்தை வாய்விட்டுப் படித்தபோது பாதி எனக்கு நேராகவே புரிந்தது. ‘உராங்’ என்றால் ஆள், மலாயில் ஓராங். ‘சரிபு துன்’ ஆயிரம் ஆண்டு, மலாயில் செரிபு தாஹுன். ‘திஜுஹ்’ ஏழு, எங்களுக்குத் துஜோ. ‘லபுஹ்’ என்றால் விழுதல். நங்கூரத்தை விழவிடும் இடம் என்பதால்தான் கிள்ளான் துறைமுகத்துக்குப் பெலாபுஹான் கிளாங் என்று பெயர். ‘தெங்ஙான்’ இன்றும் தெங்ஙான்தான். ஆயிரத்து அறுநூறு ஆண்டுக்கு முந்தைய கல், நம் மார்க்கெட்டில் மீன்காரர் பேசுவது போல!

புரியாத மீதிப் பாதி தமிழால் புரிந்தது. சித்தம், நாகம், சொர்க்கம், நரகம், குலம். ‘பரிபூ’ என்று ஒரு சொல், இழித்தல். பழைய தமிழ் நூல்களில் ‘பரிபவம்’ என்று படித்திருப்பீர்கள், அதேதான். வாக்கியத்தின் எலும்பு அவர்களுடையது. மேலுலகமும் கீழுலகமும் வடமொழியில் வந்தவை. நமக்கும் அவை அதே வழியில் வந்தவைதானே?

ஓலைக்கட்டு

மேகலை அம்மா, இந்த ஒரு பதிவுக்காக இந்த இழையைச் சேமித்து வைப்பேன். ‘பரிபவம்’ எனக்குத் தோன்றவே இல்லை.

வயலும்வரப்பும்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். சம்பா நாடு என்றதும் கேட்கத் தோன்றியது. நம் சம்பா நெல் அங்கிருந்து வந்ததா? எங்கள் ஊரில் ஒருவர் அடித்துச் சொல்கிறார்.

ஓலைக்கட்டு

சம்பாவின் நெல் புகழ்பெற்றதுதான், ஆனால் போன இடம் சீனா. 1012-இல் சோங் பேரரசர் சென்சோங், வறட்சி தாங்கும், சீக்கிரம் விளையும் சம்பா நெல்லை வரவழைத்து யாங்சி ஆற்றுப் பக்கத்து உழவர்களுக்கு விதையாகக் கொடுத்தார். அது குறுகிய நாள் பயிர். நம் சம்பாவோ ஆடி ஆவணியில் விதைத்துத் தையில் அறுக்கும் நீண்ட நாள் பயிர். ஒலி ஒன்று, பயிர் வேறு. கூடல்நகரானுக்கு இன்னொரு திருமாறனைத் தந்துவிடாதீர்கள்.

நிர்வாகி

நெல் பற்றித் தனி இழை தொடங்குங்கள். கேலிக்கும் ஓர் அளவு இருக்கட்டும்.

கூடல்நகரான்

கேலியைப் பொறுத்துக்கொள்கிறேன். என் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லுங்கள். படை போகவில்லை, குடியேற்றம் இல்லை என்றால் ஒரு நாடு முழுக்கப் பத்திரவர்மன், சம்புவர்மன், இந்திரவர்மன் என்று பெயர் வைத்துக்கொண்டு சிவனை ஏன் கும்பிட்டது? யாரும் கேட்காமல் பக்கத்து வீட்டுச் சாமியை நாம் கும்பிடுவோமா?

ஓலைக்கட்டு

கேட்காமலே கும்பிடுவோம், பலன் இருந்தால்.

நீங்கள் கேட்டதைத்தான் நூறு ஆண்டுகளாகக் கேட்கிறார்கள். 1927-இல் ஆர்.சி. மஜும்தார் சம்பா பற்றி எழுதியபோது நூலின் தலைப்பிலேயே ‘பண்டைய இந்தியக் குடியேற்றங்கள்’ என்று போட்டார். அடிமைப்பட்டுக் கிடந்த காலம், நமக்கும் ஒரு பேரரசு இருந்தது என்று சொல்லத் தேவை இருந்தது. அந்தத் தேவையை நான் பழிக்கவில்லை. ஆனால் கல்வெட்டுகள் வேறு விதமாகப் பேசுகின்றன.

பத்திரவர்மனைப் பாருங்கள். 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீ சோனில் லிங்கம் நிறுத்துகிறான். லிங்கத்துக்கு என்ன பெயர்? பத்திரேசுவரன். தன் பெயரோடு ஈசுவரனைச் சேர்த்துவிட்டான். கிழக்கு, தெற்கு, மேற்கில் மலைகளையும் வடக்கில் பெரிய ஆற்றையும் எல்லையாகச் சொல்லி நிலம் விடுகிறான். நம் செப்பேடுகளின் நான்கெல்லையை வாசித்தவர்களுக்குச் சொந்த ஊர் போல இருக்கும். பிறகு கோயில் தீக்கு இரையாகிறது. சம்புவர்மன் மீண்டும் கட்டி, சம்புபத்திரேசுவரன் என்று பெயரை நீட்டுகிறான். அதாவது அந்த லிங்கம் சிவனும்தான், அரசனின் முன்னோனும்தான், நாட்டின் காவலும்தான். பல குறுநிலத் தலைவர்களுக்கு நடுவில் ‘நான் மற்றவன் போல இல்லை’ என்று காட்டுவதற்கு இதைவிட வலுவான கருவி அன்றைக்கு ஏது? வணிகக் கப்பலில் வந்த அந்தணனை அவனே கூப்பிட்டு உட்கார வைத்திருப்பான்.

அரசர்கள் லிங்கத்துக்குக் ‘கோசம்’ கொடுப்பார்கள். நம் ஊரில் வெள்ளிக்கவசம் சாத்துவோமே, அது போலப் பொன்னுறை. ஆனால் அதில் முகம் வடித்திருக்கும். கல்வெட்டுக்குக் கல்வெட்டு இந்தக் கோசத்தின் எடையும் மணியும்தான் பேச்சு.

போக்குவரத்தும் ஒருவழி இல்லை. 658-இல் பிரகாசதர்மன் பொறித்த மீ சோன் கல்வெட்டில் கங்கராஜன் என்ற முன்னோன் வருகிறான். விடுவதற்கு அரிய அரசை விட்டுவிட்டுக் கங்கையைப் பார்ப்பதே பேரின்பம் என்று போய்விட்டானாம். இங்கிருந்து அங்கே போன அரசன் யாரும் கல்லில் இல்லை. அங்கிருந்து இங்கே வந்தவன் இருக்கிறான்! பொருநைக்கரை, இதைக் குழுவில் போடுங்கள்.

இன்னும் ஒன்று சொல்லி நிறுத்துகிறேன். 11-ஆம் நூற்றாண்டில் நான்காம் ஹரிவர்மன் தன் குலம் சொல்கிறான்: தந்தை நாரிகேள வம்சம், தாய் கிரமுக வம்சம். வடமொழித் தோலை உரித்தால் தென்னங்குலம், கமுகங்குலம். சூரியனும் இல்லை, சந்திரனும் இல்லை, தோப்பில் நிற்கும் இரண்டு மரங்கள். சாம் மக்களிடம் இன்றும் வம்சம் தாய் வழியாகத்தான் ஓடுகிறது. மனுவின் பெயரை எத்தனை கல்லில் வெட்டினாலும் அதை யாரும் மாற்றவில்லை.

கூடல்நகரான்

தென்னங்குலம், கமுகங்குலம். இது பாண்டியனைவிட நன்றாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை, ஆனால் இருக்கிறது.

கரணை

நா ட்ராங் கோயிலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஆற்றங்கரைக் குன்றின் மேல் போ நகர். அங்கிருக்கும் அம்மன் கல்வெட்டில் பகவதி, சாம் மக்களுக்கு நாட்டைப் பெற்ற தாய், இப்போது கும்பிடும் வியட்நாமியருக்குத் தியென் யீ ஆ நா. 774-இல் கடல்வழி வந்தவர்கள் கொளுத்தினார்கள். பத்தே ஆண்டில் சத்தியவர்மன் எடுத்துக் கட்டினான். 918-இல் பொன் சிலை வைத்தார்கள், கம்போடியாவின் கெமர் படை தூக்கிக்கொண்டு போனது, 965-இல் கல் சிலை வைத்தார்கள். கல்லை யார் தூக்குவார்கள்? நான் போனபோது ஒரு பாட்டி ஊதுபத்திக் கட்டோடு நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அம்மனுக்கு மஞ்சள் பட்டு. கண்ணை மூடிக்கொண்டால் சமயபுரம்.

பொருநைக்கரை

எல்லோருக்கும் நன்றி. இன்னும் சாம் மக்கள் இருக்கிறார்களா? ஓலைக்கட்டு ஐயா ‘இன்றும்’ என்று எழுதியிருக்கிறாரே.

ஓலைக்கட்டு

வியட்நாமில் மட்டும் ஒன்றேமுக்கால் லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். 1471-இல் சம்பாவின் தலைநகரான விஜயா வியட்நாமியரிடம் விழுந்தது. தெற்கே எஞ்சிய பாண்டுரங்கமும் 1832-இல் போனது. அதே பாண்டுரங்கம்தான் இன்றைய ஃபான் ராங். அங்கே சாம் மக்களில் ஒரு பிரிவினருக்கு ‘பாலமோன்’ என்று பெயர். பிராமணர் என்ற சொல்லின் தேய்வு. ஆனால் அவர்களே தங்களை ‘அஹியெர்’ என்கிறார்கள். அது அரபுச் சொல், ‘பின்னவர்’ என்று பொருள். இஸ்லாம் கலந்த பானிப் பிரிவினர் ‘அவல்’, அதாவது ‘முன்னவர்’. யார் தாக்கம் யார் மேல் என்று கோடு போட உட்கார்ந்தால் பென்சில் தேய்ந்துவிடும்.

ஆண்டுதோறும் அவர்களின் ஏழாம் மாத முதல் நாளில் காதே விழா. நம் கணக்கில் பெரும்பாலும் புரட்டாசி ஒட்டி வரும். மலையில் வாழும் ராக்லாய் மக்கள் அரச ஆடைகளைப் பாதுகாத்து வைத்திருந்து கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். போ க்லோங் கராய் கோபுரத்தில் வாசற்படி மேல் சிவன் ஆடுகிறார். உள்ளே மீசை வைத்த முகத்தோடு லிங்கம். அதற்கு நீராட்டி, ஆடை உடுத்தி, இரண்டு தந்திக் கான்ஹி வாசித்துப் பாடுவார்கள். உள்ளே இருப்பவர் அவர்களுக்குச் சிவன் அல்லர், அணை கட்டி வாய்க்கால் வெட்டிய அரசர்.

பொருநைக்கரை

பெரியப்பாவுக்கு எழுதிவிட்டேன். ‘கல் உண்மை, பெயர் பற்றிய ஊகமும் உண்டு, ஆனால் ஆண்டதாக இல்லை’ என்று தொடங்கி, கங்கராஜன் கதையையும் தென்னங்குலத்தையும் போட்டேன். இரண்டு மணி நேரம் பதில் இல்லை. பிறகு தனியாக ஒரு செய்தி: “அந்த நாகக் கல்லின் மூல வாசகத்தை அனுப்பு. படித்துப் பார்க்க வேண்டும்.”

பினாங்கு மேகலை

தனிமடலில் அனுப்புகிறேன், பெரியப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நேற்று மாலை அதைப் பக்கத்து வீட்டு மக்சிக்கு (மலாய் அத்தைக்கு) படித்துக் காட்டினேன். கல்லின் வயதைச் சொல்லவில்லை. ‘சரிபு துன் தவம் தி நரக, தெங்ஙான் திஜுஹ் குலொ’ வரை வந்ததும் கையில் இருந்த தேநீரை வைத்துவிட்டு, “துஜோ கெத்துருனான் (ஏழு தலைமுறையா)! யார் யாரை இப்படிச் சபித்தது? சொத்துத் தகராறா?” என்று கேட்டார்.